நியூ பிரதர்ஸ் தாங்காது

முன் சீட்டில் இரண்டு பேர் பேசியதைக் கேட்டீர்களா அக்கா? இப்போதுதான் அந்த வளைவில் இறங்கிப் போனார்களே, ஒருவர் குடை வைத்திருந்தார். "மணல்கரைக்காரனுவ மேல ஏறியாச்சு, ஒரு சீசன் தாங்குவானுவளா?" என்று குடைக்காரர் கேட்டார். மற்றவர், "தாங்கியாச்சேடே, மூணாவது எடம்லா" என்றார்.

தாங்காது.

ஐயோ, சத்தமாகச் சொல்லிவிட்டேனா? மன்னித்துக்கொள்ளுங்கள். நான் பஸ்ஸில் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. காலேஜுக்கு ஐந்து வருஷம் இதே பஸ்ஸில்தான் போனேன், கண்டக்டருக்கு என் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி யாராவது பேசினால் எனக்குத் தாங்காது. மூணாவது இடமாம்.

நீங்கள் எதுவரை போகிறீர்கள்? நாகர்கோவிலா? கண் ஆஸ்பத்திரிக்கா? அப்படியானால் நேரம் இருக்கிறது. உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால் சொல்கிறேன். தொந்தரவு என்றால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள், நான் புரிந்துகொள்வேன்.

என் பெயர் விஜிலா. ஊர் குருசடித்துறை. எங்கள் ஊருக்கும் மணல்கரைக்கும் நடுவில் ஒரு பொழி இருக்கிறது. மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் ஏறினால் கடலுக்கு வெட்டிவிடுவார்களே, அந்த வாய். மற்ற மாதங்களில் அதில் கணுக்கால்கூட நனையாது. அம்மா நடந்து போய் அந்தப் பக்கத்தில் தேங்காய் கடன் கேட்டு வருவாள். ஆனால் பந்து என்று வந்துவிட்டால் அந்தப் பொழி அரபிக்கடல்.

எங்கள் கிளப் ஓஷன் ஸ்டார். மாவட்டக் கால்பந்து லீக்கில் சூப்பர் டிவிஷன் என்று ஒன்று இருக்கிறது, பத்து அணிகள். அதில் பதினோரு வருஷமாக இருக்கிறோம். அவர்கள் கிளப் நியூ பிரதர்ஸ். பெயரில்தான் புதுசு, நாற்பது வருஷமாகக் கீழ் டிவிஷனிலேயே கிடந்தார்கள். போன வருஷம் எப்படியோ ஏறிவிட்டார்கள். ஏறிய அன்றைக்கு ஒரு டெம்போ பிடித்து, அதில் மைக் கட்டி, அவர்கள் ஊரைச் சுற்றியது போதாதென்று எங்கள் ஊருக்குள்ளும் வந்தார்கள். வந்து, எங்கள் வீட்டு வாசலுக்கு நேராக வண்டியை நிறுத்தி, அவர்கள் ஊர் பிரிட்டோ மைக்கில் சொன்னார்: "ஆகாசம் வீட்டாரே, நாங்களும் மேல வந்தாச்சு! கொஞ்சம் தள்ளி இருங்க!"

தெருவே சிரித்தது அக்கா. எங்கள் அம்மாகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஆகாசம் என்றால் என்ன என்று கேட்கிறீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் கடற்கரையில் வட்டப்பெயர் இல்லாமல் ஆள் கிடையாது. கோவிலில் வைக்கிற பெயர்கள் கொஞ்சம்தான், ஆட்கள் நிறைய. எங்கள் தெருவில் மட்டும் ஆன்றணி ஒன்பது பேர். அதனால் ஒருவன் இறால் ஆன்றணி, ஒருவன் தபால் ஆன்றணி, ஒருவன் எப்போதோ ஒரு முறை மயங்கி விழுந்ததற்காக இன்றைக்கும் மயக்கம் ஆன்றணி. கல்யாணப் பத்திரிகையில் வட்டப்பெயரைப் போடாவிட்டால் யார் கல்யாணம் என்று தெரியாமல் ஆட்கள் வரமாட்டார்கள். ஒரு தடவை ஒட்டிவிட்டால் மூன்று தலைமுறைக்குக் கழுவ முடியாது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஈஸ்டர் கோப்பை ஃபைனல். எங்கள் ஊர்க் கடற்கரையில், எங்கள் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும். ஒன்றுக்கு ஒன்று முடிந்து பெனால்டி. கடைசி பெனால்டியை எங்கள் அண்ணன் ததேயு அடித்தான். அதுவரை அண்ணன் பெனால்டி தவற விட்டதே இல்லை. அன்றைக்குப் பந்து கம்பத்துக்கு மேலே போனது. கொஞ்சம் மேலே இல்லை, தென்னைக்கும் மேலே. எங்கே விழுந்தது என்றுகூட யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்கு மைக்கில் இருந்தது இந்தப் பிரிட்டோதான். கடற்கரை முழுக்க அவரை மைக் பிரிட்டோ என்பார்கள். எந்த ஊரில் பந்து என்றாலும் அவர்தான் பேசுவார், நன்றாகப் பேசுவார், அதை நான் மறுக்கவில்லை. அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருக்கிறான், அம்மா அழுகிறாள், அப்போது இவர் செய்தி வாசிப்பதுபோல் சொல்கிறார்: "அன்பார்ந்த பெரியோர்களே, பந்து ஆகாசம் போயிருக்கிறது. திரும்பி வந்ததும் அறிவிக்கப்படும்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அண்ணன் ஆகாசம். எங்கள் வீடு ஆகாசம் வீடு. அம்மா ஆகாசத்தின் அம்மா. நான் எம்.எஸ்சி. கணக்கு, யுனிவர்சிட்டியில் நாலாவது ரேங்க், ரேஷன் கடையில் என் பெயர் ஆகாசத்துக்க தங்கச்சி.

அண்ணன் அதற்கப்புறம் ஆடவில்லை. முழங்கால் சரியில்லை, ஆழ்கடல் படகில் வேலைக்குப் போனால் பயிற்சிக்கு நேரமில்லை என்று காரணம் சொல்வான். எனக்குத் தெரியாதா? யாராவது 'எலே ஆகாசம்' என்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். பைக் வாங்கினபோது பின்னால் ஆகாசம் என்று பெரிய எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டினான். எவ்வளவு வலித்திருந்தால் ஒரு மனுஷன் அதைத் தன் கையாலேயே ஒட்டிக்கொள்வான், யோசித்துப் பாருங்கள்.

அவனோடு மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. போன வருஷம் எனக்குக் கிழக்கே ஓர் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஜங்ஷனில் இறங்கி, ததேயு வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். "எந்தத் ததேயு?" "பந்து களிக்குற ததேயு." "ஓ, ஆகாசமா! நேரா போய், மேல பாத்தா தெரியும்!" சிரித்துக்கொண்டேதான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்கள். நான் டீ கொடுத்தேன், உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மா நாலைந்து கேள்வி கேட்டார்கள். நான் தட்டில் இருந்த மிக்சரையே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குப் புது ஆட்கள் முன்னால் பேச்சு வராது. அப்புறம் மாப்பிள்ளை அண்ணனிடம் ஏதோ மேட்சைப் பற்றிப் பேசினார், அந்த கோல் ஆஃப்சைடு இல்லை என்றார். ஆஃப்சைடுதான் அக்கா, ஒரு முழம் முன்னால் நின்றான். "தெரியாததைப் பேச வேண்டாம்" என்றேன். அன்று நான் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். மறுநாள் தரகர் வந்து, அவர்களுக்கு ஒத்துவராதாம் என்றார். எல்லாம் அந்த வட்டப்பெயரால் வந்தது. வாசலிலேயே சிரித்துவிட்டால் அப்புறம் எப்படி மரியாதை வரும்?

சரி, பந்துக்கு வருகிறேன். நியூ பிரதர்ஸ் ஏறியபோது எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். எல்லோரும் என்றால் அண்ணனும், நான் வேலை செய்கிற நெட் சென்டரின் முதலாளி செல்லத்துரை அண்ணனும். தாங்குவார்களா என்று. தாங்காது என்று நான் அப்போதே சொன்னேன், காரணத்தோடு சொன்னேன். அவர்கள் பழகுவது கடற்கரை மணலில். மணலில் பந்து விழுந்த இடத்தில் கிடக்கும், நாய்க்குட்டி மாதிரி. நாகர்கோவில் மைதானத்துப் புல்லில் அது ஓடும். இவர்கள் கால் போகுமுன் பந்து கோட்டைத் தாண்டிவிடும். அப்புறம் அவர்களுடைய கோலி, கோல் காக்கிறவன். கோட்டின் மேல் நின்றால் பூனை, எதையும் விடமாட்டான். கார்னர் வந்தால் கிளவுஸை இரண்டு தட்டுத் தட்டுவான், வெளியே வருகிற மாதிரி ஓரடி வைப்பான், வரமாட்டான். வலது பக்கத்துத் தடுப்பாட்டக்காரனை யாராவது கூட்டத்திலிருந்து திட்டினால் போதும், யார் திட்டினது என்று திரும்பிப் பார்ப்பான், அதற்குள் அவன் பிடிக்க வேண்டியவன் போய்விடுவான். எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் லீக் நடப்பது மீன்பிடித் தடைக்காலத்தில். ஆட்கள் கரையில் இருக்கிற இரண்டு மாதம். தடை முடிந்தால் ஆழ்கடல் படகுகள் கொச்சியிலிருந்து புறப்பட்டுவிடும், அதில் பாதி டீம் போய்விடும். கடைசி மேட்ச் ஒரு வாரம் தள்ளிப்போனால் பதினோரு பேர் சேராது.

இதையெல்லாம் நான் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. ஏனென்றால் அவர்களிடம் குருவி இருந்தான்.

குருவி என்றால் ஜான் போஸ்கோ. முன்னால் ஆடுகிறவன். ஒல்லியாக இருப்பான், ஓடும்போது இடது தோளைச் சாய்த்துக்கொண்டு ஓடுவான், வலது பக்கம் போகிறான் என்று எல்லோரும் வலது பக்கம் சாய்வார்கள், அவன் இடது பக்கம் இருப்பான். எனக்கு அவன்மேல் எந்தக் கோபமும் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். அவன் யாருக்கும் பெயர் வைத்தவன் இல்லை.

இப்போது கவனியுங்கள். முன்பு லீக்கில் ஆட ஒரு காகிதத்தில் பெயர் எழுதிக் கொடுத்தால் போதும். இரண்டு வருஷமாக எல்லாம் ஆன்லைன். ஆதார் நகல், போட்டோ, பிறந்த தேதி. இரண்டு ஊருக்கும் ஜங்ஷன் ஒன்றுதான், ஜங்ஷனில் நெட் சென்டர் எங்களுடையது ஒன்றுதான். ஆக இரண்டு கிளப்பின் பதிவையும் நான்தான் அடிக்கிறேன். பாஸ்போர்ட், மீனவர் அட்டை, ஸ்காலர்ஷிப், எல்லாம் நான்தான். இந்தக் கடற்கரையில் யார் எப்போது பிறந்தார்கள் என்பது பங்குச்சாமியாரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

மே மாதக் கடைசியில் மைக் பிரிட்டோ வந்தார். இப்போது நியூ பிரதர்ஸ் செயலாளரும் அவர்தான். ஒரு பிளாஸ்டிக் பையில் இருபத்திரண்டு பேருடைய நகல்களும், இன்னொரு பையில் பாதிச் சக்கைப்பழமும், பலாப்பழம்தான்.

"டீச்சரே, பழம் உங்களுக்கு. எங்க மரத்துது." என்னை டீச்சர் என்பார். நான் டீச்சர் இல்லை.

"வையுங்க அண்ணே."

"நீங்க பந்து அறிஞ்ச ஆளு. நேராச் சொல்லுங்க, நாங்க தாங்குவமா?"

"எனக்குத் தெரியாது அண்ணே."

"ஓஷன் ஸ்டார்காரி வாயில இருந்து எங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை வருமா! கோலிய மட்டும் சொல்லுங்க. கார்னருக்கு வெளிய வாறானில்ல, என்ன செய்ய?"

பார்த்தீர்களா, எப்படிப் பேச்சுக் கொடுத்து விஷயத்தைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று. வேறு எந்த ஆண்பிள்ளையும் ஒரு பெண்ணிடம் இப்படிக் கேட்கமாட்டான். நகல்களை ஒவ்வொன்றாக எடுத்து அடித்தேன்.

பதினேழாவது ஜான் போஸ்கோ. போட்டோ குருவியுடையது. ஆதார் நகல் குருவியுடையது இல்லை.

மணல்கரையில் ஜான் போஸ்கோ இரண்டு பேர். இரண்டு பேருடைய அப்பா பெயரும் ஆன்றணி. தெருவும் ஒன்றே. ஒருவன் குருவி, வயது இருபத்துமூன்று. இன்னொருவன் கப்பல், சரக்குக் கப்பலில் வேலை செய்கிறவன், முப்பத்தைந்து. ஜனவரியில் அவனுடைய பாஸ்போர்ட்டை நான்தான் புதுப்பித்தேன். நகலில் முகம் ஒரு கறுப்புக் கட்டமாகத்தான் இருந்தது, ஆனால் எண் தெரிந்தது, பிறந்த வருஷம் தெரிந்தது. எந்த வீட்டில் எதை யார் எடுத்துக் கொடுத்தார்களோ, பிரிட்டோ கவனிக்கவில்லை. வட்டப்பெயர் வைக்கத் தெரிகிறது, பிறந்த தேதி பார்க்கத் தெரியவில்லை.

நான் கேட்டேன் அக்கா. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நான் கேட்டேன். "எல்லாம் ஒருக்கா சரி பார்த்தாச்சா அண்ணே?" என்று.

"நீங்க பாத்தா போதும்லா டீச்சரே" என்றார். "நான் பாத்து என்னத்துக்கு."

பார்த்தேன். சமர்ப்பி என்ற இடத்தில் அழுத்தினேன்.

அவர்கள் கொடுத்ததைத்தான் அடித்தேன். ஒரு எழுத்துக்கூட நான் மாற்றவில்லை. தவறு இருந்தால் திருத்த ஏழு நாள் கொடுப்பார்கள். அந்த ஏழு நாளில் பிரிட்டோ இரண்டு தடவை கடைக்கு வந்தார், மகளுடைய ஸ்காலர்ஷிப்புக்காக. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. ஏழாவது நாள் சாயங்காலம் ஆறு மணிக்குத் திருத்துகிற இடம் மூடிக்கொண்டது. நான் ஒரு டீ குடித்தேன். நல்ல டீ. சக்கைப்பழமா? தின்றேன். பழத்துக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்?

இப்போது சட்டத்தைச் சொல்கிறேன். ஒருவன் இன்னொருவன் பதிவில் ஆடினால், அவன் ஆடின எல்லா மேட்சும் தோல்வி. புள்ளிகள் எல்லாம் எதிர் அணிக்கு. அந்தக் கிளப் கீழே இறங்கும். ஆடினவனுக்கு ஒரு வருஷம் தடை. ஆனால் யாராவது புகார் கொடுத்தால்தான். அவர்களோடு ஆடிய அணியின் செயலாளர், ஆட்டம் முடிந்து இரண்டு நாளுக்குள், எழுத்தில் கொடுக்க வேண்டும். மற்ற எட்டு அணிக்கும் மணல்கரையில் எத்தனை போஸ்கோ என்று எப்படித் தெரியும்? எங்களுக்கு மட்டும்தான் தெரியும். எங்களோடு அவர்களுக்கு ஆட்டம் கடைசியில். நான் வேண்டுமென்று காத்திருக்கவில்லை, அட்டவணை அப்படி.

அந்த இரண்டு மாதம்போல நான் சந்தோஷமாக இருந்தது கிடையாது.

முதல் மேட்சில் குருவி இரண்டு கோல் போட்டான். மணல்கரையில் வெடி வெடித்தார்கள், எங்கள் வீட்டுக்குக் கேட்டது. வெடியுங்கள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது மேட்ச் அண்ணனோடு பைக்கில் போய் நேரில் பார்த்தேன். குருவி நடுக்கோட்டிலிருந்து தனியாகக் கொண்டு போய்ப் போட்டான். நான் எழுந்து கை தட்டிவிட்டேன். பக்கத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏட்டி, நீ எந்தப் பக்கம்?" என்றான் அண்ணன்.

"நம்ம பக்கம்தான்."

"பின்ன?"

"நல்ல கோல். தட்டினேன்."

அண்ணன் சந்தோஷமாகச் சிரித்தான். "இப்பதான் நீ பந்து பாக்கப் படிச்சிருக்க" என்றான். பாவம். ஒவ்வொரு கோலும் எவ்வளவு உயரத்திலிருந்து விழப்போகிறது என்று நான் மட்டும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறுகிறவன் நன்றாக ஏறட்டும். இரண்டாம் படியிலிருந்து விழுந்தால் யார் பெயர் வைக்கப்போகிறார்கள்?

ஒரு விஷயத்தை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் ஓஷன் ஸ்டார் தோற்றுக்கொண்டே வந்தது. எட்டு மேட்சில் ஒரு வெற்றி. கீழே இரண்டு அணி இறங்கும், நாங்கள் ஒன்பதாவது. பதினோரு வருஷத்தில் முதல் தடவை. அண்ணன்தான் இந்த வருஷம் எங்கள் செயலாளர். ஆடாதவனை எதிலாவது கட்டிப்போட வேண்டுமே என்று ஊரில் அவனிடம் கொடுத்திருந்தார்கள். ராத்திரி பகலாக அவன் அதே கவலையில் இருந்தான். எனக்குக் கவலை இல்லை. கடைசி மேட்சில் தோற்றாலும் நாங்கள் இருப்போம், அவர்கள் இறங்குவார்கள். அதற்கான காகிதம் என் பையில் இருந்தது.

போன சனிக்கிழமை கடைசி மேட்ச். கார்னரில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். கோலி கிளவுஸைத் தட்டினான், ஓரடி வைத்தான், வரவில்லை. நான் போன வருஷமே சொன்னேன். அப்புறம் குருவி ஒன்று, இடைவேளைக்குப் பிறகு இன்னொன்று. இரண்டுக்கு ஒன்று. எங்கள் ஆட்கள் மைதானத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். பிரிட்டோ மைக்கில் என்ன சொன்னார் தெரியுமா? "ஓஷன் ஸ்டார் இல்லாத சூப்பர் டிவிஷன் நமக்கும் ருசிக்காது. சீக்கிரம் திரும்பி வாங்க, காத்திருப்போம்." கொழுப்பைப் பாருங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் அதற்குக் கையும் தட்டினார்கள். அண்ணன் மைதானத்துக்குள் போய்க் குருவியைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

நான் புகாரை ஜூன் மாதமே அடித்து வைத்திருந்தேன். தேதி மட்டும் போட வேண்டியிருந்தது. எண்களோடு, நகலோடு, ஒரு பக்கம். "வேறொருவர் பெயரில் களமிறங்குவது ஏமாற்று, பெயர் என்பது விளையாட்டுப் பொருள் அல்ல" என்று கடைசி வரி. அதை அமைக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் முன்னால் வைத்தேன். அவன் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான், சாயங்காலம் கொச்சிக்கு வேன். நின்றபடியே வாசித்தான். உட்கார்ந்து இன்னொரு தடவை வாசித்தான்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே அடிச்சேன்."

"அப்பமே தெரியுமா?"

"அவங்க கொடுத்ததைத்தான் அடிச்சேன்."

"நான் அதயா கேட்டேன்?"

அவன் காகிதத்தை மடித்தான், திரும்ப விரித்தான்.

"குருவிக்கு அடுத்த மாசம் கொச்சியில ஒரு கம்பெனி டீமுக்கு செலக்‌ஷன். எடுத்தா வேலை. கடலுக்குப் போவண்டாம். நேத்து மைதானத்துல அதத்தான் சொன்னான். ஒரு வருஷம் தடை விழுந்தா அது போச்சு."

"அது பிரிட்டோ யோசிச்சிருக்கணும்."

"மைக் அண்ணனுக்க மேல உனக்கு என்னடி இவ்வளவு?"

"உனக்காகத்தான்."

"எனக்காவ?" என்று கேட்டான். "எனக்கு வலிக்குதுன்னு நான் என்னைக்காவது உன்கிட்ட சொன்னேனா?"

சொல்லமாட்டான் அக்கா. சொல்லாததால்தானே தெரிகிறது எவ்வளவு வலி என்று. நான் அதைச் சொன்னேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், பஸ்ஸில் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல. அப்புறம் எழுந்து பையின் ஜிப்பை இழுத்தான்.

"மைக் அண்ணனுக்குப் போன் போட்டு, பிழை பட்டுப்போச்சுன்னு சொல்லு. அவரே போய் ஆபீஸ்ல பேசட்டும். இத அடுப்புல வை."

"நாம கீழ இறங்கிடுவோம்."

"இறங்குவோம். அடுத்த வருஷம் ஏறுவோம். அவனுவ நாப்பது வருஷம் கெடந்தானுவ, நமக்கு ஒரு வருஷம் கெடக்க வயறு எரியுதா?"

கையெழுத்துப் போடவில்லை. வேன் வந்தது, போய்விட்டான். இன்று விடியற்காலை படகு புறப்பட்டிருக்கும். கரையை விட்டால் போன் எடுக்காது, முப்பத்தைந்து நாள், நாற்பது நாள்.

பிரிட்டோவுக்குப் போனா? போட்டேன். எடுத்தார். "டீச்சரே, சொல்லுங்க! நேத்து கார்னர்ல பாத்தீங்களா, அவன் இன்னும் வெளிய வாறானில்ல" என்று ஆரம்பித்துவிட்டார். பின்னால் பாட்டும் கூச்சலுமாக இருந்தது. எனக்குப் போனில் பேச்சு வராது. வைத்துவிட்டேன்.

தோட்டியோடு ஸ்டாப் தாண்டிவிட்டோமா? இன்னும் கால் மணி நேரம்தான். லீக் நடத்துகிற சங்கத்தின் ஆபீஸ் மாலை ஐந்து மணிவரை. காலையில் போன் செய்து கேட்டேன், செயலாளர் நேரில் வர வேண்டியதில்லையாம். அவர் கையெழுத்தும் கிளப் சீலும் இருந்தால் யார் கொண்டு வந்தாலும் வாங்கிக்கொள்வார்களாம். ஆமாம், இதோ இந்த உறைதான். மடங்காமல் இருக்கட்டும் என்று அட்டை வைத்திருக்கிறேன்.

அண்ணன் போடவில்லை என்றேனே, அப்புறம் எப்படி என்று கேட்கிறீர்கள்.

இன்று காலை அம்மா பூசைக்குப் போயிருந்தாள். அலமாரியைத் திறந்து கிளப் சீலை எடுத்தேன். மை காய்ந்திருந்தது, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். காகிதத்தின் அடியில் செயலாளர் என்று அடித்திருந்த இடத்துக்கு மேலே, என் கையால் ததேயு என்று எழுதி, அதன்மேல் சீலைக் குத்தினேன்.